கல்லீரலுக்கு மணி தெரியும்

 

உடம்புக்குள் கடிகாரம் என்றதும் எல்லாருக்கும் தூக்கம்தான் ஞாபகம் வருகிறது. மூளையில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட தலைமைக் கடிகாரம் இருப்பது உண்மை. வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் கல்லீரல், தோல், குடல் என்று ஏறக்குறைய எல்லா செல்லிலும் தனிக் கடிகாரமே ஓடுகிறது. சில மரபணுக்கள் புரதம் தயாரிக்கும். புரதம் சேர்ந்ததும் அந்த மரபணுக்களையே அடக்கிவிடும். அது சிதைந்தால் மறுபடி ஆரம்பம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தது.

செல் பெருகுவதற்கும் இந்தக் கடிகாரத்துக்கும்கூடச் சம்பந்தம் உண்டு. ஜப்பானில் ஹிதோஷி ஒகாமுரா குழு 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்தார்கள். கல்லீரல்தான் திரும்ப வளருமே! சில எலிகளுக்குக் கூண்டின் விளக்கு எரியத் தொடங்கும்போது அறுவை, மற்றவற்றுக்கு எட்டு மணி நேரம் கழித்து. டி.என்.ஏ. நகலெடுப்பு எப்போது அறுத்தாலும் ஒரே இடைவெளியில் நடந்தது. செல் இரண்டாகப் பிரிவது மட்டும் அப்படியில்லை. முதல் கூட்டத்தில் 48 மணி நேரத்தில் உச்சம் தொட்டது, இரண்டாவதில் 40 மணி நேரத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டுமே விளக்கு எரியத் தொடங்கும் அதே வேளை. ரயில்வே கேட் திறக்கும்வரை நிற்கும் வண்டிகள் போல, தயாரான செல்கள் காத்திருந்திருக்கின்றன. இங்கே கேட், 'வீ-1' என்ற நொதி. அதை ஏற்றி இறக்குவது கடிகார மரபணுக்கள்.

கட்டுப்பாடில்லாமல் செல்கள் பிரிவதுதான் புற்றுநோய், அதனால் கடிகாரம் குலைவது கவலை தருகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல், உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையைப் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. நைட் டியூட்டி நர்ஸைப் பார்த்து இதைச் சொல்லிப் பயமுறுத்திவிடாதீர்கள். ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்த வகை காட்டும், ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல.

2022இல் சுவிட்சர்லாந்திலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்தார்கள். கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் திரியும் செல்களில் பெரும்பகுதி, தூங்கும் நேரத்து ரத்தத்தில் இருந்தது. பகலில் தூங்கும் எலிகளில் பகல் ரத்தத்தில்தான் அவை அதிகம். மாதிரி எடுத்த மணியையும் மருத்துவர்கள் குறித்துவைக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டார்கள்.