அட்ரீனலும் விதையும் ஒரே இடத்தில் பிறப்பது ஏன்?

சங்கரன்கோவில் கறிக்கடையில் ஆட்டின் சிறுநீரகத்தை ஒட்டிய கொழுப்பைப் பிரித்தால் ஒரு சிறு சுரப்பி தென்படும். அதுதான் அட்ரீனல். கிடாயின் விதையோ எங்கோ தள்ளி, உடம்புக்கு வெளியே தொங்குகிறது. ஆனால் கருவில் இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

மனிதக் கருவில் நான்காம் வாரவாக்கில், வயிற்றறையின் உட்சவ்வு தற்காலிகச் சிறுநீரகத்தின் அருகே தடிக்கிறது. சில நாட்களில் அந்தத் தடிப்பு இரண்டாகப் பிரியும். சங்கரநாராயணர் நினைவுக்கு வரலாம். அங்கே சிவனும் திருமாலும் ஒன்றானார்கள், இங்கே ஒன்று இரண்டாகிறது.

அட்ரீனலாகும் பாதிக்குள் நரம்பு சார்ந்த செல்கள் வந்து குடியேறுகின்றன. பிற்பாடு அட்ரினலின் சுரப்பவை அவைதாம். மறுபாதிக்கு, கருவுணவுப் பையருகே தோன்றிய இனச்செல்கள் குடலோரமாக ஊர்ந்து வருகின்றன. ஒய் குரோமோசோமின் எஸ்ஆர்ஒய் மரபணு விழித்தால் அது விதையாகும், இல்லையேல் சினைப்பை.

ஏன் ஒரே மூலம்? இரண்டுமே கொலஸ்ட்ராலிலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன் தயாரிப்பவை. அந்த வேலையை முடுக்கும் எஸ்எஃப்-1 மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் அட்ரீனலும் இல்லாமல், இனச்சுரப்பியும் இல்லாமல் பிறந்தன, சீக்கிரமே செத்தன. 1994-இல் வெளியான இந்த முடிவுதான் எனக்கு மிக அழுத்தமான சான்று.

பிரிவினை சுத்தமாக நடப்பதில்லை. சில அட்ரீனல் செல்கள் விதையோடு போய்விடும். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி உள்ள ஆண்களிடம் அவை பெருத்து, புற்றுக்கட்டியோ என்று மருத்துவரையே குழப்புவதுண்டு.