கேசரிப் பவுடர் வேறு, சாயப் பவுடர் வேறு

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தேங்காய் எண்ணெய்க்குக் குறைவில்லை. அதை வைத்து வீட்டிலேயே சோப்பும் உதட்டுக் களிம்பும் செய்யும் பெண்கள் நம் டெல்டா ஊர்களில் பலர் உண்டு. அவர்கள் மளிகைக் கடைக்கு வந்து கேட்பது "கலர் பவுடர்". எதற்கு என்று கேளாமல் பொட்டலம் மடித்துக் கொடுக்கும் வழக்கத்தை வணிகர்கள் விட்டுவிடுவது நல்லது.

நம்மிடம் உள்ள கேசரிப் பவுடர் தண்ணீரில் கரையும் வகை. எண்ணெயிலும் மெழுகிலும் கரையாது. உதட்டுக் களிம்பில் போட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும். கிளிசரின் சோப்புக் கட்டியை உருக்கி வார்ப்பவர்களுக்கு அது கலக்கும். ஆனால் இரண்டு நிறத்தை அடுக்காக வார்த்தால் நாளடைவில் ஒன்றின் சாயம் மற்றதில் இறங்கிவிடும். வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளுக்கும். காஸ்டிக் சோடா ஊற்றிச் செய்யும் சோப்பிலோ காரம் அதிகம். சில நிறங்கள் அதில் மாறிவிடும், சில மறைந்தே போகும். காரம் நிறத்தை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே குங்குமம் செய்கிறோம். "உங்கள் கலர் சரியில்லை" என்று சண்டைக்கு வருபவரிடம் இதைச் சொல்லலாம்.

நிறம் போனால் சோப்புதான் நஷ்டம். மலிவாக வரும் ரோஸ் சாயத்தில் ரோடமின்‑பி இருந்தால் விஷயம் வேறு. அது துணிக்கும் தாளுக்கும் உரியது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் அது கண்டுபிடிக்கப்பட்டு, புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். ரோடமினும் தண்ணீரில் பளிச்சென்று கரையும். ஆகவே கரைத்துப் பார்த்து நல்ல சரக்கு என்று முடிவு கட்ட முடியாது, லேபிள்தான் சாட்சி. டப்பாவிலிருந்து பிரித்துச் சில்லறைப் பொட்டலம் போட்டால் அந்தச் சாட்சியும் போயிற்று.

உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் 8 மட்டுமே. தோலில் பூசும் பொருளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4707 பட்டியல் தனியாக இருக்கிறது. சோப்புக்கென்று கேட்பவருக்கு அழகுப் பொருள் தரம் என்று அச்சிட்ட, சாயத்தின் பெயரும் சி.ஐ. எண்ணும் உள்ள மூடிய டப்பாவையே கொடுங்கள். கொள்முதல் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

சொந்த உபயோகத்துக்குச் செய்வதில் வில்லங்கமில்லை. விற்பனைக்கு என்றால் 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டப்படி உற்பத்தி உரிமம் வேண்டும், வீட்டில் செய்தாலும்தான். தெரிந்தவர் கொண்டுவந்த சோப்பாயினும் உரிம எண், தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண் மூன்றையும் உறையில் பார்த்த பிறகே அலமாரியில் ஏற்றுங்கள்.