பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த எஞ்சினைப் பழைய காரில் பொருத்தலாமா? சாவியைத் திருப்பும் முன் செய்ய வேண்டியவை

பழைய அம்பாசிடர் அல்லது கான்டெசா காருக்கு உயிரூட்ட விரும்புவோர் முதலில் தேடுவது நல்ல நிலையில் உள்ள ஓர் எஞ்சினைத்தான். கிடைப்பதோ, பெரும்பாலும் கொட்டகையின் மூலையிலோ பழைய உதிரிபாகக் கடையிலோ பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்ததாக இருக்கும். நிறுத்தும் வரை நன்றாக ஓடியது என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அத்தகைய எஞ்சின்கள் பல கிடந்த காலத்தில் அடைந்த சேதத்தைவிட, பேட்டரியை இணைத்து அவசரமாக ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில் அடையும் சேதமே பெரிது.

ஏன் எஞ்சினை மாற்றுகிறார்கள்?

மேற்கு வங்க மாநிலம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பல பத்தாண்டுகளாக அந்தக் காரில் இருந்தது, பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின். அதன் திறன் சுமார் 50 குதிரைத்திறன். 1984ஆம் ஆண்டு அறிமுகமான கான்டெசாவுக்கும் தொடக்கத்தில் இதே எஞ்சின்தான். பெரிய உடலுக்கு அது போதவில்லை என்ற குறை எழுந்ததால், ஜப்பானின் இஸுஸு வடிவமைத்த 1.8 லிட்டர் எஞ்சின் கான்டெசாவுக்கும், பின்னர் அம்பாசிடருக்கும் வந்தது.

பழைய மாடல்களில் இஸுஸு எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் இதனால்தான் உருவானது. இரண்டு கார்களின் உற்பத்தியும் நின்றுவிட்ட நிலையில், இந்த எஞ்சின்கள் இன்று பழைய வண்டிகளிலிருந்தே கழற்றப்படுகின்றன.

ஓடாத எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியே மழைக்கால ஈரக்காற்று உள்ளே புகுந்து, பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும் இடத்தில் துருக்கோடு படியும். பேரிங்குகளில் இருந்த ஆயில் மெல்ல வடிந்துவிடும். ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகும். நீர்ப் பாதைகளில் துரு அடைக்கும். காற்று வடிகட்டியில் எலியும், சைலன்சர் குழாயில் குளவியும் கூடு கட்டியிருப்பதும் உண்டு.

இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் முழு வேகத்தில் சுழற்றினால், துருவில் சிக்கிய ரிங் உடையலாம். சிலிண்டர் சுவரில் கீறல் விழலாம். பிசினில் ஒட்டிய வால்வு, அதைத் தள்ளும் கம்பியை வளைத்துவிடலாம். ஆயில் இல்லாத பேரிங் உலோகத்தோடு உலோகமாக உரசும். சில நூறு ரூபாய் ஆயிலும் சில நாள் பொறுமையும் போதுமாயிருந்த இடத்தில், சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடும் செலவு வந்து சேரும்.

முதல் சுற்று கையால்தான்

முதலில் பழைய ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். உலோகத் துகள்கள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்புள்ளது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கைப்பேசியுடன் இணையும் சிறு கேமராவை அந்தத் துளை வழியே செலுத்தினால், சிலிண்டர் சுவரின் துரு கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிச் சில நாள்கள் ஊறவிட வேண்டும். வால்வு மூடியைத் திறந்து அங்குள்ள பாகங்களையும் ஆயிலால் நனைக்க வேண்டும். அதன் பிறகு, கிராங்க் ஷாஃப்ட் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் பொருத்தி, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்ப வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒரு சுழற்சி முடிய கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும் என்பதால், இரண்டு முழுச் சுற்றுகள் தடையின்றிச் செல்கின்றனவா, வால்வுகள் அனைத்தும் இறங்கி மீண்டும் மேலெழுகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

அசையவில்லை என்றால் ஸ்பேனரில் நீண்ட குழாயை மாட்டி நெம்பக் கூடாது. மீண்டும் ஊறவைத்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். அதற்கும் இளகாவிட்டால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவதே வழி.

அளவுகள் சொல்லும் உண்மை

எஞ்சின் கையால் சுழலத் தொடங்கியதும், புது ஆயிலும் ஃபில்டரும் போட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் இல்லாமலே ஸ்டார்ட்டரைக் கொண்டு விட்டுவிட்டுச் சுழற்றினால், சிலிண்டரில் தங்கிய எண்ணெய் வெளியேறும். ஆயில் பம்ப் பேரிங்குகளுக்கு ஆயிலைக் கொண்டு சேர்க்கும். அழுத்தமானியில் முள் உயர்ந்த பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

பின்னர் கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டர்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது நல்ல அடையாளம். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்கில் குறை. உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டில் குறை.

பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்தினால் இன்னும் தெளிவு கிடைக்கும். கார்புரேட்டரில் காற்றொலி கேட்டால் உள்வாங்கும் வால்வும், சைலன்சரில் கேட்டால் வெளியேற்றும் வால்வும், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கும் கசிகின்றன. ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால் ஹெட் கேஸ்கெட்டில் பழுது அல்லது ஹெட்டில் விரிசல் எனக் கருதலாம்.

வெளியே இருக்கும்போதே மாற்ற வேண்டியவை

காருக்குள் இறக்கிய பின் எட்டாத பாகங்களை முன்கூட்டியே மாற்றிவிடுவது சிக்கனம். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஆயில் சீல்கள், கிளட்ச் பிளேட், எஞ்சின் பிளாக்கின் துருப்பிடித்த உலோக மூடிகள் ஆகியவை இப்பட்டியலில் வரும்.

எரிபொருள் குழாய்களில் தனிக் கவனம் தேவை. நாட்டில் தற்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையாகிறது. பழைய ரப்பர் குழாய்களும் கார்புரேட்டரின் சவ்வுகளும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. கசியும் ஒரு குழாய் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைச் சொட்டவிடலாம். அது தீ விபத்தில் முடியும். ஆகவே, எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துவதும், டேங்கைத் துருப் போகக் கழுவுவதும் கட்டாயம்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் உருவான எஞ்சின்களின் ஹெட்டைத் திறக்க நேர்ந்தால், கடினமாக்கப்பட்ட வால்வு சீட்டுகளைப் பொருத்துவது குறித்தும் முடிவு செய்துவிடலாம்.

முதல் ஸ்டார்ட்டைக் காருக்கு வெளியே, உறுதியான ஸ்டாண்டில் வைத்து, ரேடியேட்டர் இணைத்து, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. சில நொடிகளில் ஆயில் அழுத்தம் வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். எஞ்சினோடு அதற்குரிய கியர்பாக்ஸையும் மாற்றுவதாயின், புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் மவுண்டுகளும் பொருந்த வேண்டும். கூடும் வேகத்துக்கு ஏற்ப பிரேக்கும் வலுவாக இருத்தல் வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. எஞ்சினை மாற்றினால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது.

எனவே, பணம் கொடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பதும், எஞ்சின் எண் அழிக்கப்படாமல் இருப்பதை உறுதி செய்து ரசீது பெறுவதும் அவசியம். எண் அழிந்த எஞ்சின் திருட்டு வாகனத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனங்கள் விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு பெறலாம். ஆனால், சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். அந்த வயதை எட்டிய அல்லது நெருங்கும் காரில் வேறு எஞ்சினை வைத்தால், அந்தத் தகுதி கைநழுவும்.

ஆகவே, வேறு எஞ்சின் தேடும் முன், காரிலேயே கிடக்கும் பழைய எஞ்சினுக்கும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம். கையால் சுழன்று, அளவுகளும் சரியாக இருந்தால், மாற்றத் தேவையே எழாது. மாற்றுவதென்றே முடிவானாலும், கழற்றிய எஞ்சினின் சிலிண்டர்களில் ஆயில் விட்டு, துளைகளை அடைத்து, ஈரம் படாமல் பாதுகாத்தால், பிற்காலத்தில் காரை மூல வடிவுக்குத் திருப்பும் வழி திறந்தே இருக்கும்.