கூதிர்காலத்து மலைவீடு

ஆங்கிலப் பாடநூலில் இலையுதிர்காலத்தைப் படித்த மாணவர், "நமது நாட்டில் அஃது எப்போது வரும்?" என்று என்னைக் கேட்பதுண்டு. காடெல்லாம் ஒருசேரப் பொன்னிறமாகி இலை சொரியும் காலம் நமக்கில்லை. ஆயினும் அந்த மாதங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயருண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தொல்காப்பியர் கூதிரையும் நள்ளிரவையும் மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரிய பொழுதுகளாக வகுத்தார். தெஹிவளையில், காலி வீதியின் இரைச்சல் ஓயாத வீட்டிலிருந்துகொண்டு இதனைப் பல்லாண்டு படிப்பித்தேன். அதன் பொருளை உணர்ந்தது 2015ஆம் ஆண்டு ஐப்பசியில், அப்புத்தளைச் சரிவிலுள்ள நண்பரொருவர் வீட்டிலேதான்.

அப்புத்தளை ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில், மலைமுதுகொன்றின் மேல் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மேற்குச் சரிவுகளிலேயே பெய்து தீர்ந்துவிடும். ஆடி, ஆவணியில் ஊவாப் பக்கம் வறண்ட காற்றே வீசும். ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணத்துக்கு அந்தக் காற்றே காரணம். ஐப்பசியில் எல்லாம் மாறிவிடுகின்றது. காலை பளிங்குபோல் விடியும். தெற்கே தாழ்நிலம் நெடுந்தூரம் விரிந்து கிடக்கும். வெயில் ஏற ஏறச் சூடான காற்றுச் சரிவைப் பற்றி மேலெழுந்து, குளிர்ந்து முகிலாகும். இரண்டு மணிக்கு முற்றத்து வாகைமரம் மூடுபனியில் மறையும், மூன்றுக்கு இடி, நாலுக்கு மழை. நண்பரின் மனைவியார் மணிக்கூட்டைப் பாராமலே கொடியிலிருந்து துணிகளை எடுத்துவிடுவார்.

இம்முகில்களோடு வடக்கிலிருந்து விருந்தாளிகளும் வருகின்றனர். முதன்மையானது ஆறுமணிக் குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, இரவிரவாகப் பறந்து இங்கு வந்து சேர்வது. பச்சை முதுகு, மஞ்சட் பழுப்பு மார்பு, குருதிச் சிவப்பான அடிவயிறு, சிறகில் நீலம், கண்ணிலே மை தீட்டினாற் போன்ற கரும்பட்டை. இத்தனை நிறங்களும் மைனாவிலும் சிறிய ஓர் உடலில்! விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையடிப்பதால் அப்பெயர் பெற்றது. இதன் பட்டாடையை மயில் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை என்றும், அதையே சொல்லிச் சொல்லிப் புலம்புகின்றது என்றும் சிங்களக் கிராமத்தவரிடையே ஒரு கதையுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெஹிவளை வீட்டு விறாந்தையிலும் ஒன்று களைத்து விழுந்துகிடந்தது. பொம்மையென்று நினைத்து என் மகள் எடுக்கப் போக, அது கண் திறந்தது. சிரட்டையில் தண்ணீர் வைத்துக் கூடையால் மூடிவிட்டோம். அந்தியில் கூடையைத் திறந்ததும் மதிலுக்கு அப்பால் பறந்து மறைந்தது.

மலைவீட்டில் அதன் குரலை நாள்தோறும் கேட்டேன். ஓடைக்கற்களில் வாலை ஓயாமல் ஆட்டியபடி நின்ற சாம்பல் வாலாட்டியும் வடநாட்டு விருந்தாளியே. இரவில் வேறு உலகம். மழை விட்டதும் வேலிப் புதர்களில் சிறு தவளைகள் கல்லோடு கல் தட்டினாற் போல ஒலிக்கத் தொடங்கும். இலங்கையின் புதர்த்தவளைகளுக்குக் குளம் வேண்டியதில்லை. அவை தலைப்பிரட்டையாய் நீந்தாது, முட்டைக்குள்ளேயே உருமாறித் தவளையாகவே வெளிவருவன. ஈரம் ஒன்றே போதும். அந்த ஈரக்காடுகள் குறைந்தமையால் பத்துக்கு மேற்பட்ட இனங்கள் அழிந்தே போயின. (முள்ளம்பன்றிக்கு இந்தக் கவலையில்லை, நண்பரின் வற்றாளைப் பாத்தியை அது ஒரே இரவில் முடித்துவிட்டது.)

ஒரு மாலை, குருவியின் சீழ்க்கையை நான் வியந்துகொண்டிருக்கையில், கீழ் லயத்திலிருந்து பால் கொண்டுவரும் மூதாட்டி சிரித்தார்.

"குருவி கெடக்கட்டும் மாஸ்டர், பீலித் தண்ணியப் பாருங்க. கலங்கி வந்தாலும் சரி, திடீர்னு நின்னாலும் சரி, மலை நகருதுன்னு அர்த்தம்."

விளையாட்டுப் பேச்சன்று. முந்திய ஆண்டு, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், அம்மலைத்தொடரின் கீழே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மண்ணுள் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற வீடுதான் இருக்கவில்லை. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாய்த் தோன்றும் ஊற்று, கலங்கும் நீர் ஆகியவற்றை மண்சரிவின் அறிகுறிகளாக அறிஞர் குறிப்பர். அந்த மூதாட்டி இவற்றை எந்த வகுப்பிலும் கற்றவரல்லர். 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையால் மலைநாடெங்கும் சரிவுகள் ஏற்பட்ட செய்தியைத் தெஹிவளையிலிருந்து கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பீலிதான்.

அன்றிரவு மழை விடவில்லை. நள்ளிரவில் நண்பர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நான் குடையோடு பின்தொடர்ந்தேன். அட்டைகள் காலிலேறியதைப் பிறகே கண்டோம். பீலிக்கரையில் அந்த மூதாட்டி எங்களுக்கு முன்பே, தலையில் சாக்கைக் கவிழ்த்தபடி நின்றார். கையிலிருந்த செம்பை வெளிச்சத்தில் சரித்துக் காட்டினார். அடியிலிருந்த தேய்ந்த கோடுகள்கூடத் தெரிந்தன.

"தெளிவாத்தான் இருக்கு. இன்னைக்குப் போய்த் தூங்குங்க மாஸ்டர்."

எனக்கு உறக்கம் வரவில்லை. ஆறு மணிக்குப் புதருக்குள் சீழ்க்கை கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். மூடுபனிக்குள் கொழுந்துக் கூடைகள் ஒவ்வொன்றாக மேலேறிக்கொண்டிருந்தன.