சந்தக்பூ பாதையில் ஒரு சிவப்புக் கொடி

ரயில்வேயில் நான் முப்பத்தாறு ஆண்டுகள் பார்த்தது தண்டவாளப் பராமரிப்பு வேலை. டிராலியிலும் கால்நடையாகவும் வங்காளச் சமவெளியில் எத்தனை மைல் போயிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. "ரிட்டயர் ஆனதும் மலையில் நடக்க வேண்டும்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பேன். 2023 நவம்பரில், அறுபத்து நான்காம் வயதில், அது கைகூடியது. நான், என் மகன், அவனுடைய அலுவலக நண்பர்கள் இருவர் என நால்வராகச் சந்தக்பூவுக்குக் கிளம்பினோம்.

சந்தக்பூ மேற்கு வங்காளத்திலேயே உயரமான இடம், 3,636 மீட்டர். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் எல்லையாக நிற்கும் சிங்காலிலா மலைத்தொடரில் இருக்கிறது. உலகின் உயர்ந்த ஐந்து சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு ஆகிய நான்கையும் வானம் தெளிந்திருந்தால் அங்கே நின்றே பார்க்கலாம்.

சியால்தாவில் இரவு ரயிலேறி, காலையில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, ஜீப்பில் கூம் வழியாக மானேபஞ்சாங் போனோம். கூம் 2,258 மீட்டரில் இருக்கிறது. இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். 1881-இல் முடிந்த அந்த இரண்டடி அகலப் பாதையைப் பார்க்காமல் ரயில்வேக்காரனால் தாண்டிப் போக முடியுமா? ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கால்மணி நேரம் பார்த்தேன்.

மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ 31 கிலோமீட்டர். வழிகாட்டியாக ஒரு ஷெர்ப்பா இளைஞரை அமர்த்திக்கொண்டோம். முதல் நாள் தும்லிங் (2,970 மீட்டர்). அந்த ஊர் நேபாளத்தில் இருக்கிறது. பாதை எல்லையைத் தாண்டித் தாண்டிப் போகிறது. டீ குடிப்பது ஒரு நாட்டில், அடுத்த வளைவு இன்னொரு நாட்டில். இரண்டாம் நாள் கைரிபாஸுக்கு இறங்கி, மீண்டும் ஏறிக் காலிபோக்ரி (3,186 மீட்டர்). கறுத்த நீருள்ள சிறு குளம் ஒன்று அங்கே உண்டு. நேபாளிகள் அதைப் புனிதமாகக் கருதுகிறார்கள்.

அன்று இரவு எனக்குத் தலைவலி. சூடான துக்பாவை வைத்தார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"என்னப்பா, சாப்பிடலியா?" என்றான் மகன்.

"பசியில்லைடா. மத்தியானம் சாப்பிட்டதே போதும்" என்றேன். என்னால் பயணம் கெடக்கூடாது என்ற எண்ணம். கிழவனை ஏன் கூட்டி வந்தோம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சமும் உண்டு.

மறுநாள் பிக்கேபஞ்சாங் வரை எப்படியோ நடந்தேன். அதற்குமேல் கடைசி 4 கிலோமீட்டரில் சுமார் 300 மீட்டர் ஏற்றம். அதாவது ஏறத்தாழ 13-க்கு 1. பம்பாய் - புனே பாதையின் போர்காட் மலையில் இருப்பதே 37-க்கு 1தான்! நூறடி போவதற்குள் தலை சுற்றி, வாந்தி எடுத்து, கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி இந்தியில் கேட்டார்: "அங்கிள், நேற்று ராத்திரியே தலைவலி இருந்ததல்லவா?" மகன் என்னைப் பார்த்தான். தலையாட்டினேன்.

"இனி ஓரடிகூட மேலே வேண்டாம்" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்று பட்டது. குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி விரிசல் விடும். விடியற்காலையில் பாதையை நடந்து பார்க்கும் கீமேன் அதைக் கண்டால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். உடனே சொன்னால் கிளாம்ப் போட்டு, வண்டியை மெதுவாக அனுப்பிவிடலாம். "விரிசல் விடுவது இரும்பின் குணம். அதை மறைப்பதுதான் குற்றம்" என்று எத்தனை பேருக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன்! என் விரிசலை நானே மறைத்துவிட்டேன்.

காலிபோக்ரியிலேயே சொல்லியிருந்தால் அங்கே ஒரு நாள் ஓய்வெடுத்திருக்கலாம். உடம்பு தேறியபின் நால்வருமே மேலே போயிருக்கலாம். இப்போது நண்பர்கள் இருவர் மட்டும் வழிகாட்டியோடு போனார்கள். நானும் மகனும் ஒரு பழைய லேண்ட் ரோவரில் கைரிபாஸுக்கு (2,621 மீட்டர்) இறங்கினோம். மாலைக்குள் தலைவலி போய், பசி வந்தது. மகன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். சந்தக்பூவில் காற்றழுத்தம் நம் கல்கத்தாவில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இதற்கு வயது வித்தியாசமில்லை, வாலிபருக்கும் வரும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது என்பது பொது விதி. எங்கள் கணக்கு அந்த விதிக்குள்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு வந்தது. தலைவலியோடு குமட்டலோ பசியின்மையோ இருந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் கீழே இறங்குங்கள். புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள். கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த வானத்துக்கு நவம்பர். ரோடோடெண்ட்ரான் பூக்களுக்கு ஏப்ரல்.

திரும்பும் வழியில் தும்லிங்கில் தங்கினோம். விடியற்காலையில் மகன் எழுப்பினான். வடக்கே, படுத்துறங்கும் புத்தரைப் போல் கஞ்சன்ஜங்கா மலைக்கூட்டம் இளஞ்சிவப்பாக நின்றது. இருவரும் பேசாமல் பார்த்தோம்.

"அடுத்த தடவை காலிபோக்ரியில் ரெண்டு ராத்திரி தங்கலாம்ப்பா" என்றான். "ஆனா தலை வலிச்சா சொல்லணும்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.