ஓநாயும் மாடிப்படிச் செடியும்

சென்ற மாதம் ஒரு நாள், இரவுப் பணி முடித்து விடியற்காலையில் நாக்பூர் குடியிருப்புக்குத் திரும்பிய நம்மை ஒரு கிட்டாரின் பேரிரைச்சல் எதிர்கொண்டது. பத்தொன்பது வயதுத் தம்பி, தோளில் புரளும் முடியுடன் அமர்ந்திருந்தான். "தேர்வு எழுதப் போவதில்லை, அண்ணா. இந்தப் பாட்டுத்தான் என் கொள்கை" என்றான். கட்டணம் செலுத்தி, நுழைவுச் சீட்டும் வந்துவிட்ட தேர்வு!

கோபத்தை அடக்கிக்கொண்டு, அப்பாட்டுத்தான் யாது என ஆராயப் புகுந்தோம்.

'ஸ்டெப்பன்வுல்ஃப்' என்னும் குழுவினர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பார்ன் டு பி வைல்ட்' அது. அடுத்த ஆண்டே 'ஈஸி ரைடர்' திரைப்படத்தில், இரு வாலிபர் மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் விரையும் காட்சியோடு உலகெங்கும் பரவிற்று. அவ்விருவரும் படத்தின் முடிவில் சுட்டுக் கொல்லப்படுவதைப் பாட்டைப் போற்றுவோர் நினைப்பதில்லை. இயற்றிய மார்ஸ் பான்ஃபயர், முதன்முதலாக ஒரு பழைய ஃபோர்டு கார் வாங்கி ஊர் சுற்றிய மகிழ்ச்சியில் எழுதினாராம். ஆகவே அதிலுள்ள காட்டுத்தனம் கலகமன்று, விடுமுறை நாளின் உவகை என்றே நமக்குப் படுகிறது.

பாடிய ஜான் கேயின் வரலாறோ வேறு. 1944இல் அன்றைய கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தை போரில் மாண்டார். கைக்குழந்தையோடு தாய் படையெடுப்புக்கு அஞ்சி ஓடினார். பின்னர் எல்லை கடந்து மேற்கு ஜெர்மனி, 1958இல் கனடா. பிறவியிலேயே நிறங்களைப் பிரித்தறியாத, ஒளியைத் தாங்காத கண்கள். சட்டப்படி பார்வையற்றோருள் ஒருவர். வேர்களைத் தாமே அறுத்தவரல்லர், அறுக்கப்பட்டவர்.

குழுவின் பெயர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1927இல் வெளியிட்ட நாவலின் பெயர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை நண்பரிடம் இரவல் பெற்று, அகராதியின் துணையுடன் பதினைந்து இரவுகளில் படித்தோம். (மெட்ரிக்குலேஷனோடு நின்ற படிப்பு, அன்பர்கள் பொறுத்தருள்க!) ஹாரி ஹாலர் தம்மைப் பாதி மனிதன், பாதி ஓநாய் என எண்ணுகிறார், ஒழுங்கான இல்லற வாழ்வை வெறுக்கிறார். ஆயினும் அவர் வாடகைக்கு இருப்பது அத்தகைய வீட்டிலேதான். மாடிப்படித் திருப்பத்தில், இலைக்கு இலை தூசு துடைத்து வைத்த தொட்டிச் செடியொன்று. மெழுகின் மணம் கமழும் அப்படியில் ஓநாய் அமர்ந்து அச்செடியையே நோக்கி ஏங்குகிறது! ஊரில் இருந்தபோது நமக்கு இவ்விடம் விளங்கியிராது. வாசலில் அரையடி இடத்தில் இல்லாள் இடும் கோலத்தைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துவரும் நமக்கு விளங்கிற்று.

மேலும், மனிதன் இரண்டு கூறல்லன், எண்ணற்ற கூறுகளாலானவன் என்கிறது அந்நூல். ஓநாய் என்பதே ஹாலர் தமக்குத் தாமே தைத்துக்கொண்ட சட்டைதான். நீள்முடியும் ஒரு சீருடையே என்று தம்பியிடம் சொல்ல நினைத்தோம். ஆனால் தந்தையார் சொல்லை மீறி இருபதாம் வயதில் ரயிலேறியவர் நாம். நா எழவில்லை. ஜான் கேயின் கதையையும் செடியின் கதையையும் மட்டும் சொன்னோம்.

நெடுநேரம் பேசாதிருந்து, "அந்தச் செடியைத் துடைத்தது யார், அண்ணா?" என்று கேட்டான்.

"அந்த மாடியில் குடியிருந்த அம்மையார்" என்றோம்.

தேர்வு வரும் ஞாயிறன்று. நுழைவுச் சீட்டு மேசைமேல் இருக்கிறது. தம்பி அதை எடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை.