குடும்பப் பெயர் என்ன?

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இன்று பெருந்தொல்லை எதுவெனக் கேட்டால், வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாக நம் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு யாவற்றையும் இப்பொழுது கணிப்பொறியே பதிவு செய்கிறது. அதன் திரையில் இரண்டு கட்டங்கள்: ஒன்று இடுபெயர், மற்றொன்று குடும்பப் பெயர். நம்மில் பெரும்பாலோர்க்கோ குடும்பப் பெயரே கிடையாது!

இக்கட்டங்களை வகுத்தோர் மேலைநாட்டு வழக்கையே உலக வழக்காகக் கொண்டனர். கெடுதல் எண்ணிச் செய்ததன்று. தம் வீட்டில் கண்டதை எழுதினர். ஆனால் இந்தோனேசிய அதிபர்களாயிருந்த சுகர்ணோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயரினர். 1961 முதல் 1971 வரை ஐ. நா. பொதுச் செயலாளராயிருந்த பர்மியர் ஊ தாண்டின் பெயரில் 'ஊ' என்பது மரியாதைச் சொல்லேயாகும். ஐஸ்லாந்தில் பெரும்பாலோர் நம்மைப்போலவே தந்தை பெயரைத் தாங்குகின்றனர். ஜப்பானில் பணியாற்றிய பாட்ரிக் மெக்கென்சி என்னும் அமெரிக்கர், பெயர்களைப்பற்றி நிரல் எழுதுவோர் கொண்டுள்ள தவறான எண்ணங்களை 2010-இல் நாற்பதாகத் தொகுத்துக் காட்டினார்.

நம்மவர் நிலையைப் பாருங்கள். மா. முருகையன் என்பவர் கட்டத்தை நிரப்ப வேண்டித் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக இடுகிறார். அயல்நாட்டு விமான நிலையத்தில் 'மிஸ்டர் மாணிக்கம்' என்று அழைக்கின்றனர். காலஞ்சென்ற தந்தையை யார் அழைப்பதென்று அவர் திகைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மகனுக்கோ 'முருகையன்' குடும்பப் பெயராகிறது. பாட்டன், தந்தை, பேரன் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள்! மணமான பெண்ணின் பாடு இன்னும் கடினம்: பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர், ஆதார் அட்டையில் கணவர் பெயர்.

இது வெறும் வேடிக்கையன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையோர் சுற்றுலா விசாவில் வரலாகாது என அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதுமெனப் பின்னர் தளர்த்தியது. அமெரிக்க விசாவிலோ இடுபெயர்க் கட்டம் வெறுமையாயிருப்பின், 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்தை அச்சிட்டுவிடுகின்றனர். பெற்றோர் ஆசையாய் இட்ட பெயர் குடும்பப் பெயராகிவிட, இவ்வெழுத்துகளே ஒருவரின் பெயராகி வங்கிக்கும் வேலைக்கும் தொடர்வதுண்டு.

அலுவலகத்தில் நாள்தோறும் பெயர்களோடு மல்லாடும் நாம் அன்பர்களுக்குச் சொல்வது ஒன்றுண்டு. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தலைப்பெழுத்து செல்லாது. விரித்தே எழுத வேண்டும். ஆகையால் பிறப்புச் சான்றிதழிலேயே குழந்தையின் முழுப்பெயரையும் தீர்மானித்து, பள்ளியிலும் ஆதாரிலும் அதையே தொடருங்கள். தமிழ்ச்செல்வி, யாழினி என்று பெயரிடுவோர் ஆங்கிலத்தில் 'ழ'கரத்துக்கு எவ்வெழுத்தை இடுவதென்பதையும் அன்றே முடிவு செய்துகொள்க.